காமலாபுரத்து ஓடுதளம்

சேலத்திலிருந்து தருமபுரி போகிற பேருந்தில் ஓமலூர் தாண்டியதும் ஒரு கைகாட்டிப் பலகை வரும். ‘விமான நிலையம்’ என்று எழுதி, விமானப் படம் ஒன்றும் போட்டிருக்கும். பள்ளிக்கூட நாட்களில் அந்தப் பலகை எங்களுக்குப் பெரிய வேடிக்கை. ஒரு தடவை கண்டக்டரிடம் கேட்டேவிட்டேன்: “ஏனுங்க, இங்க பிளேன் எறங்குமுங்களா?” அவர் சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னார்: “எறங்கும் தம்பி. மந்திரி வந்தா எறங்கும்.”

பின்னால் பல கட்டுரைகள் படித்தும் அந்த ஓடுதளத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமான வரலாற்றை நான் கண்டதில்லை. 1993-ல் பிறந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இதில் பயணிகள் விமானம் ஒழுங்காக வந்துபோன காலத்தைக் கூட்டிப் பார்த்தால் பாதிகூடத் தேறாது. மீதி நாளெல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது.

முதலில் அதன் அங்க அடையாளங்கள். சேலம் நகரத்திலிருந்து வடமேற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஓமலூருக்கு அப்பால் காமலாபுரம். கிழக்கே பார்த்தால் சேர்வராயன் மலை. மொத்தப் பரப்பு சுமார் 136 ஏக்கர். ஓடுதளத்தின் நீளம் 1,806 மீட்டர். இரு முனைகளிலும் 04, 22 என்ற எண்கள். இவை வரிசை எண்களல்ல. திசைமானியில் ஓடுதளம் எந்தப் பாகையைப் பார்த்து நிற்கிறதோ அதைப் பக்கத்துப் பத்துக்கு முழுமையாக்கி, கடைசிப் பூஜ்யத்தை உதறிவிட்டு எழுதுவது உலக வழக்கம். ஒரு முனையிலிருந்து ஓடினால் 40 பாகை, அதாவது வடகிழக்கு. எதிர்முனையிலிருந்து ஓடினால் 220 பாகை, தென்மேற்கு. நம் பக்கத்தில் ஆடிக்காற்று தென்மேற்கிலிருந்துதான் வீசும், ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து. விமானம் எதிர்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும். ஆக, இரண்டு பருவக்காற்றுக்கும் முகம் கொடுத்துப் படுத்திருக்கிறது இந்தத் தளம். திசையில் குறை சொல்ல முடியாது. குறை நீளத்தில். அதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஓடுதளம் கிடப்பது ஒன்றும் புதிதல்ல. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. இடையில் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தொட்டுவிட்டுப் போயின. அந்தப் பதற்றத்தில் வெள்ளைக்கார அரசு சூலூர், அரக்கோணம், சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று பொட்டல் கண்ட இடமெல்லாம் தளம் போட்டது. சண்டை முடிந்ததும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதிக்கு ஆளானது. அரக்கோணம் கடற்படைக்குப் போனது, சூலூர் விமானப்படைக்கு. சோழவரத்தில் கார் பந்தயம் நடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தப் பழைய தளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் விட்டு ஊரையே கூட்டியது. உளுந்தூர்பேட்டை, கயத்தாறு தளங்கள் சும்மா கிடந்தன.

அவை போருக்காகப் போட்டவை. போர் போனதும் வேலை போயிற்று, அதில் அதிசயமில்லை. காமலாபுரம் அப்படியல்ல. சமாதான காலத்தில், பயணிகளுக்கென்றே போட்ட தளம் இது. இதையும் கிராமத்து மூலையில் மறந்துபோன தளங்களின் கூட்டத்தில் சேர்த்துப் பேசும்படி ஆனதே, அதுதான் எனக்கு உறுத்தல்.

1993 என்ற ஆண்டைக் கவனிக்க வேண்டும். இந்திய வானம் அப்போதுதான் தனியாருக்குத் திறந்துகொண்டிருந்தது. 1953-ன் ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டம் நாற்பது ஆண்டுகளாக விமானத் தொழிலை அரசின் கையில் வைத்திருந்தது. 1990-களின் தொடக்கத்தில் ‘ஏர் டாக்ஸி’ என்ற பெயரில் கதவு கொஞ்சம் விலகியது. 1994 மார்ச் 1-ல் சட்டமே நீக்கப்பட்டது. ஈஸ்ட்-வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், ஜெட், சஹாரா என்று வரிசையாகக் கம்பெனிகள் முளைத்தன. சென்னையிலிருந்து முளைத்தது என்.இ.பி.சி.

என்.இ.பி.சி. என்றால் நம்மில் பலருக்கு ஆரல்வாய்மொழியும் முப்பந்தலும்தான் நினைவுக்கு வரும். டென்மார்க்கின் மைக்கானோடு சேர்ந்து காற்றாலை செய்து விற்ற கம்பெனி. காற்றில் காசு பார்த்தவர்கள் காற்றிலேயே ஏறிப் பார்க்கலாம் என்று இறங்கினார்கள். வாங்கியது ஃபோக்கர் எஃப்-27: இறக்கை மேலே, அதில் இரண்டு விசிறி எஞ்சின்கள், நாற்பதுக்குச் சற்று மேல் இருக்கைகள், பழைய காலத்து உழைப்பாளி. குட்டை ஓடுதளம் அதற்குப் போதும். சேலத்துக்கு வந்த முதல் பயணிகள் விமானம் இந்த வகையறாதான்.

சேவை நீடிக்கவில்லை. கூட்டம் போதவில்லை என்று சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கம்பெனி 1995-ல் தமானியாவையும் வாங்கி ‘ஸ்கைலைன் என்.இ.பி.சி.’ என்று பெயர் மாற்றி, தாங்காத கடனில் மாட்டி, 1997-ல் மொத்தமாகத் தரை தட்டியது.

கூட்டம் ஏன் போதவில்லை? சேலம், நாமக்கல் ஆட்களிடம் காசு இல்லாமலா? சேலத்தில் உருக்காலை இருக்கிறது, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி இருக்கிறது, ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. நாமக்கல் முட்டைக்கும் லாரிக்கும் நாடெங்கும் பெயர். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி ராஜஸ்தானிலும் பீகாரிலும் குழி தோண்டுகிறது. இருந்தும் விமானத்தில் ஏறவில்லை என்றால், காரணம் ராத்திரி ரயில்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்ற ஒரு வண்டியை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு சேலம் ஜங்ஷனில் ஏறிப் படுத்தால் விடியும்போது சென்னை. பகல் பொழுது ஒரு மணி நேரம்கூட வீணாவதில்லை. லாட்ஜ் வாடகை மிச்சம். வேலை முடித்து அன்று ராத்திரியே திரும்பலாம். விமானம் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்விடும் என்பது உண்மை. ஆனால் காமலாபுரம் போக முக்கால் மணி, அங்கே காத்திருக்க ஒரு மணி, சென்னையில் மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து பாரிமுனைக்கு ஒரு மணி என்று கூட்டினால் பகலில் பாதி போயிற்று. எங்கள் பக்கத்து வியாபாரி கணக்குப் போடுவதில் கெட்டி. அவன் தூக்கத்தில் பயணம் செய்தான்.

டெல்லிக்கும் மும்பைக்கும் போகிறவன் என்ன செய்தான்? கோயம்புத்தூர் போனான். அல்லது பெங்களூர். நான்குவழிச் சாலை வந்த பிறகு காரில் இரண்டரை மணி நேரத்தில் கோவையின் பீளமேடு விமான நிலையம். அங்கே ஜெட் விமானம் எந்த ஊருக்கும் பறக்கும். 2008 மே மாதம் தேவனஹள்ளியில் பெங்களூரின் புது விமான நிலையம் திறந்தது. சாலை ஒவ்வொரு தடவை அகலமாகும்போதும் காமலாபுரத்தின் தேவை ஒரு சுற்றுக் குறுகியது. இதைத் தளத்தின் மேல் குற்றமாகச் சொல்லக்கூடாது. பெரிய வீடுகளுக்கு நடுவில் பிறந்த நோஞ்சான் பிள்ளை அது.

பதினாறு ஆண்டுகள் இப்படிப் போயின. ஓடுதளம் என்பது பார்க்கத் தார்ச்சாலை மாதிரி இருந்தாலும் வளர்ப்பு வேறு. சும்மா கிடந்தாலும் கவனிப்பு வேண்டும். விரிசலில் புல் முளைக்கும். புல்லுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பறவை வரும். எஞ்சினுக்குள் ஒரு பருந்து போனால் போதும். காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் வெயிலில் நைந்துபோகும். வேலியில் ஓட்டை விழுந்தால் வெள்ளாட்டுக்கு உள்ளே வழி கிடைத்துவிடும். விமானம் வந்தாலும் வராவிட்டாலும் காவல் போட வேண்டும். இடையிடையே தலைவர்களின் தனி விமானமும் ஹெலிகாப்டரும் வந்துபோயின. கண்டக்டர் சொன்னது இதைத்தான்.

இந்த இடைக்காலத்தில் ஊர் சும்மா இருக்கவில்லை. வணிகர் சங்கங்களும் தொழில் அமைப்புகளும் மனு மேல் மனு கொடுத்தன. விமானக் கம்பெனிகள் திருப்பிக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: காலியாகப் போகும் இருக்கைக்கு யார் பொறுப்பு?

கர்நாடகத்துக் கேப்டன் கோபிநாத் 2003-ல் ஏர் டெக்கானைத் தொடங்கியபோது இந்தக் கேள்விக்குப் புது விடை கிடைத்த மாதிரி தோன்றியது. ஏ.டி.ஆர். என்ற பிரெஞ்சு-இத்தாலிய விசிறி விமானத்தை வைத்துச் சிற்றூர்களை இணைத்தார் அவர். எரிபொருள் குறைவு, குட்டைத் தளம் போதும். ஏ.டி.ஆர்.-72 முழுச் சுமையோடு மேலெழ ஏறத்தாழ 1,300 மீட்டர் கேட்கும். காமலாபுரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. பின்பு டெக்கான், சாராயக் கம்பெனி ஒன்றின் விமான நிறுவனமான கிங்ஃபிஷரின் கைக்குப் போனது, விமானங்களோடு. 2009 நவம்பரில் சிவப்பு வால் வைத்த ஏ.டி.ஆர். ஒன்று சென்னையிலிருந்து வந்து காமலாபுரத்தில் இறங்கியது. பதினாறு வருஷம் கழித்து.

சாராயக் கம்பெனி விமானம் என்று பெரியவர்கள் கிண்டல் செய்தாலும் ஊருக்குப் பெருமைதான். அந்தப் பெருமைக்கும் ஆயுசு இரண்டு வருஷம்கூட இல்லை. 2011-ல் சேவை நின்றது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரின் எல்லா விமானங்களும் நின்றன. அந்த ஆண்டு முடிவோடு உரிமமும் காலாவதி ஆனது. தளம் மறுபடி தனிமை.

மூன்றாவது வாய்ப்பு டெல்லியிலிருந்து வந்தது. 2016 அக்டோபரில் அறிவித்த ‘உடான்’ திட்டம். அதன் சூட்சுமம் எளிது. ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டினார்கள். விமானத்தில் பாதி இருக்கையாவது இந்த விலைக்கு விற்க வேண்டும். அதனால் வரும் நஷ்டத்தை மூன்று ஆண்டுக்கு அரசு ஈடுகட்டும். அந்த மூன்று ஆண்டும் வேறு கம்பெனி அந்த வழியில் போட்டிக்கு வரக்கூடாது. காலி இருக்கைக்கு யார் பொறுப்பு என்ற பழைய கேள்விக்கு முதன்முறையாக அரசே கையெழுத்துப் போட்டது. 2017-ல் முதல் சுற்று ஏலத்திலேயே ஹைதராபாத்தின் ட்ரூஜெட் சென்னை–சேலம் வழியை எடுத்தது.

2018 மார்ச் 25, ஞாயிற்றுக்கிழமை. தொடங்கிவைத்தவர் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி. சேலம் மாவட்டத்துக்காரர், அவருடைய சொந்தத் தொகுதிக்கே அதுதான் விமான நிலையம். மந்திரி வந்தால் பிளேன் இறங்கும் என்ற வாக்கு இந்தத் தடவை கொஞ்சம் பெரிய அளவில் பலித்தது. தினம் ஒரு ஏ.டி.ஆர். வந்து போனது. 2011 கணக்குப்படி சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 52 லட்சம் பேர். அதில் நாளைக்கு நூற்று நாற்பது பேர் ஏறி இறங்கினால் விமானம் நிரம்பிவிடும். இந்தமுறை நிரம்பவும் செய்தது. மருத்துவம் பார்க்கப் போகிறவர்கள், கல்லூரிக்காரர்கள், பேரனைப் பார்க்கப் போகிற பாட்டிகள் என்று ஏறினார்கள். ஆட்கள் இல்லை என்ற பழைய பழி இதோடு தீர்ந்தது.

பழி தீர்ந்த நேரத்தில் நோய் வந்தது. ஊரடங்கில் நாட்டின் உள்நாட்டு விமானங்கள் எல்லாம் நின்ற முதல் நாள் 2020 மார்ச் 25. சேலம் சேவை தொடங்கிச் சரியாக இரண்டு வருஷம். இரண்டு மாதம் கழித்து மறுபடி பறந்தார்கள். ஆனால் கம்பெனிக்கு மூச்சு இரைத்துவிட்டது. 2021-ல் சேலத்துக்கு வருவது நின்றது. 2022 பிப்ரவரியில் ட்ரூஜெட்டே நின்றுபோனது.

என்.இ.பி.சி., கிங்ஃபிஷர், ட்ரூஜெட். இந்தத் தளத்தில் பயணிகளை ஏற்றிய முதல் மூன்று கம்பெனிகளும் இன்று இல்லை. ஓமலூர் டீக்கடையில் இதை ராசி என்று சொல்வார்கள். நான் ராசி பார்ப்பவனல்ல. மூன்றும் சாகும்போது சேலம் அவற்றின் கணக்குப் புத்தகத்தில் ஒரு ஓரத்து வரி. தமானியாவை வாங்கிய கடனும், வங்கிக் கடனும், கொரோனாவும் கொன்றவை அவை. காமலாபுரம் ஒரு கம்பெனியையும் கொல்லவில்லை. பெரிய நகரத்தில் ஒரு கம்பெனிக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் வெட்டுவது ஓரத்துக் கிளையைத்தான். எங்கள் தளத்தின் தலையெழுத்து எப்போதும் சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும்தான் எழுதப்பட்டது.

இதோடு ஒப்பிட ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. ஓசூருக்கு அருகே பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் என்ற தனியார் கம்பெனிக்குச் சொந்தமான ஓடுதளம். அதன் நீளம் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல், எங்களுடையதைவிடப் பெரிது. பயணிகள் டிக்கெட் வாங்கி ஏறும் இடமல்ல அது. ஆனாலும் பாழடையவில்லை. காரணம், அதை ஒட்டியே பட்டறை இருக்கிறது. இத்தாலியின் பார்டனாவியா வடிவமைத்த ஆறு இருக்கைச் சிறு விமானத்தை அங்கே கட்டினார்கள், விமானத்துக்கு உதிரி உறுப்புகள் செய்தார்கள், பழுது பார்த்தார்கள். பயணிகள் சேவைக்கு அந்தத் தளத்தைத் திறக்க முடியாததற்குத் தடையாக நின்றது பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தம்: 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் புது நிலையம் கூடாது. பயணியே இல்லாத தனியார் தளம் உயிரோடு இருக்கிறது, பயணிக்காகவே கட்டிய பொதுத் தளம் விட்டுவிட்டு மூச்சு விடுகிறது. தளத்தை ஒட்டி ஒரு தொழில் இருந்தால் அது பிழைத்துக்கொள்கிறது. சேலத்துக்கு இந்தப் புத்தி 2022-ல்தான் வந்தது. விமானி பயிற்சிப் பள்ளி வைக்க ஒதுக்கிய தளங்களில் விமான நிலைய ஆணையம் சேலத்தையும் சேர்த்தது. பயிற்சி விமானத்துக்குக் கூட்டம் வேண்டாம், வானம் வெறிச்சோடியிருந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

இனி அந்த நீளத்துக்கு வருகிறேன். 1,806 மீட்டர் ஏ.டி.ஆருக்குத் தாராளம். ஏர்பஸ் 320 போன்ற ஜெட்டுக்கு முழுச் சுமையோடு இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும். போதாததற்கு சேலம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ முந்நூறு மீட்டர் உயரம், சித்திரை வெயில் வேறு. சூடான காற்று இளகிப்போகும். இளகிய காற்று இறக்கையைத் தாங்க யோசிக்கும், விமானம் இன்னும் தூரம் ஓட வேண்டியிருக்கும். ஆகவே ஜெட் வர வேண்டுமென்றால் தளத்தை நீட்ட வேண்டும். நீட்ட நிலம் வேண்டும். சுமார் 570 ஏக்கர் என்று கணக்கு வந்தது, இப்போதிருப்பதைப் போல நான்கு மடங்குக்கு மேல்.

அந்த நிலம் வெற்றுப் பொட்டலல்ல. காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி. கிணற்றுப் பாசனத்தில் தென்னை, மஞ்சள், பருத்தி, பூ விளையும் தோட்டங்கள், வீடுகள், கோயில்கள். 2018-ல் சேவை தொடங்கிய கையோடு நிலமெடுப்புப் பேச்சும் வந்தபோது விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கும் அளவுக்கல் நட்டார்கள் என்பதால் மாவட்டமே கொதித்துக்கிடந்தது. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. முதலில் எடுத்த 136 ஏக்கரில் ஒழுங்காக விமானம் ஓட்டிக் காட்டினீர்களா, அதற்குள் இன்னும் 570 எதற்கு? இதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கும் இல்லை. விமானம் வேண்டும் என்று ஆசைப்பட்ட நகரத்துக்காரனில் நானும் ஒருவன். என் ஆசைக்கு இன்னொருவர் கிணற்றை மூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீட்டித்தால்தான் ஜெட் வரும், ஜெட் வந்தால்தான் நிலைக்கும் என்ற வாதத்தையும் முழுசாகத் தள்ள முடியவில்லை. ஆனால் ட்ரூஜெட் காலம் ஒன்றை நிரூபித்துவிட்டது. இருக்கிற நீளத்திலேயே விசிறி விமானத்தை நிரப்பலாம். இரவில் இறங்க விளக்கும், மோசமான வானிலையிலும் இறங்கக் கருவியும் முதலில் கேட்போம் என்பதுதான் என் கட்சி. அதற்கு ஒரு சென்ட் தோட்டமும் போக வேண்டியதில்லை.

2023 அக்டோபரில் நான்காவது பிறவி. முதலில் அலையன்ஸ் ஏர் பெங்களூர், கொச்சி வழியில் வந்தது. அதே மாதக் கடைசியில் இண்டிகோ வந்தது. அதுவும் ஏ.டி.ஆர்.தான், சென்னை, பெங்களூர், ஹைதராபாத் என்று கை நீட்டியது. இந்த முறை வந்திருப்பது நாட்டின் ஆகப்பெரிய விமானக் கம்பெனி. ஓரத்துக் கிளையை வெட்ட நேர்ந்தாலும் மரம் சாயாது என்று ஒரு தெம்பு.

2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம் வரும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். சேலத்துக்காரன் வடக்கே போனால் பெங்களூர், மேற்கே போனால் கோவை, இனி நடுவழியில் ஓசூரும் சேரக்கூடும்.

நாமக்கல் முட்டை இன்றும் லாரியிலும் கப்பலிலும்தான் போகிறது. ஏற்காடு எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்புகிறது. போன மாதம் தருமபுரி பஸ்ஸில் அந்தக் கைகாட்டியைத் தாண்டும்போது மலைக்கு மேலே ஒரு ஏ.டி.ஆர். சாய்ந்து திரும்பியது. முன்சீட்டுப் பையன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அம்மாவிடம் காட்டினான். கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஓடுதளத்தின் நீளம் இப்போதும் 1,806 மீட்டர்தான்.